ஒன்பது பாகங்களையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடலாமா?

இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஓர் எழுத்தாளரின் கடிதம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஓர் அறிவியல் புனைகதைத் தொடரை எழுதி வருகிறார். மொத்தம் ஒன்பது பாகங்கள் என்பது திட்டம். ஏழு வந்துவிட்டன. எட்டாவது பாதியில் நிற்கிறது. ஒன்பதாவது குறிப்பேட்டில் மட்டும் இருக்கிறது. முதல் நான்கு பாகங்கள் தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்யும் ஒரு விண்கலத்துக்குள் நடக்கின்றன. ஐந்தாம் பாகம் இருநூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதித்து, அந்தக் கலம் போய்ச் சேர்ந்த கோளில் வேறு மனிதர்களோடு தொடங்குகிறது. இரண்டு பகுதியிலும் தொடர்ந்து வரும் ஒரே பாத்திரம், கலத்தின் கணினி.

ஒரு தயாரிப்பு நிறுவனம் இதை வெப் சீரிஸாக எடுக்க விரும்பி 22 பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. 18 மாத ஆப்ஷன், அதாவது அந்தக் கெடுவுக்குள் உரிமையை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு மட்டுமே வாய்ப்பு. அதை இரண்டு முறை நீட்டிக்கலாம். 'வெளிவந்ததும் இனி எழுதப்படுவதுமான எல்லாப் பாகங்களும்' அதில் அடக்கம். பதிலுக்கு ஒரு தொகை, நிகர லாபத்தில் பங்கு, 'படைப்பு ஆலோசகர்' என்ற பொறுப்பு. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள் என்கிறார் ஒரு நண்பர். கிடைத்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள் என்கிறார் இன்னொருவர். 'ஆலோசகராக நான் இருக்கும்போது கதையை மாற்ற முடியாதுதானே? மறுத்துவிட்டால் என் கருவை எடுத்துக்கொண்டு அவர்களே எழுதிவிடுவார்களோ?' என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள எழுத்தாளருக்கு,

முதலில் என் வாழ்த்துகள். ஓர் உலகத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் மனத்தில் தூக்கிச் சுமப்பது சின்ன வேலை இல்லை. எழுத்தாளர்களின் ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பதுதான் வழக்கறிஞராக என் அன்றாட வேலை. உங்கள் கடிதத்தோடு வந்த பக்கங்களை இரண்டு முறை படித்தேன். நிறுவனம் கெட்ட எண்ணத்தோடு எழுதியதாகத் தெரியவில்லை. இந்தத் துறையில் முதல் வரைவு இப்படித்தான் வரும்: எல்லாவற்றையும் கேட்டுவைப்பார்கள், நீங்கள் திருப்பிக் கேட்டால் குறைப்பார்கள். நீங்கள் திருப்பிக் கேட்கத் தயங்குகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

கையெழுத்துப் போட்டதும் படப்பிடிப்பு வேலை தொடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆப்ஷன் காலத்தில் என்ன நடக்கும்

ஆப்ஷன் என்பது கெடு வைத்துக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரி. 'இத்தனை மாதத்துக்குள் உரிமையை வாங்குவேன், வாங்காமலும் போகலாம். அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்பதுதான் அதன் சாரம். அதற்குக் கிடைப்பது முழு விலையில் ஒரு சிறு பங்கு, பெரும்பாலும் பத்தில் ஒன்றை ஒட்டி இருக்கும். முழு விலை கைக்கு வருவது பொதுவாகக் கேமரா ஓடத் தொடங்கும் அன்றுதான். நடுவில் திரைக்கதை எழுத வேண்டும், ஷோரன்னர் (தொடர் முழுவதற்கும் பொறுப்பான தலைமை எழுத்தாளர்) கிடைக்க வேண்டும், ஓர் ஓடிடி தளமோ சேனலோ சம்மதிக்க வேண்டும், பணம் திரள வேண்டும். பெரும்பாலான ஆப்ஷன்கள் இந்த நடுவழியிலேயே காலாவதியாகிவிடுகின்றன. அதற்காக மனம் உடைய வேண்டாம், இந்தத் தொழிலின் இயல்பு அது.

ஹ்யூ ஹவி 2011இல் தானே வெளியிட்ட 'வூல்' கதையின் திரை உரிமையை அடுத்த ஆண்டே ஒரு பெரிய ஸ்டுடியோ வாங்கியது. அது 'சைலோ' என்ற தொடராகத் திரைக்கு வந்தது 2023இல், வேறு இடத்தில். டக்ளஸ் ஆடம்ஸின் விண்வெளிப் பயணக் கதை படமாவதற்குப் பல ஆண்டுகள் அலைந்தது. அவர் 2001இல் இறந்தார், படம் 2005இல் வந்தது. சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' நாவலை 2015இல் சினிமாவாகவே எடுத்தார்கள். அந்தப் படம் திரையரங்குக்கு வரவே இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வாருங்கள். 18 மாதம், பிறகு 18, பிறகு இன்னொரு 18. மொத்தம் நாலரை ஆண்டு. நீட்டிப்பு 'தயாரிப்பாளரின் விருப்பப்படி' என்று இருக்கிறது, ஒரு நிபந்தனையும் இல்லை. முதல் நீட்டிப்புக்குத் தனிக் கட்டணமும் இல்லை. இதை இப்படித் திருத்தச் சொல்லுங்கள்: ஒவ்வொரு நீட்டிப்புக்கும் தனித் தொகை வேண்டும், அது முழு விலையில் கழியக் கூடாது. இரண்டாவது நீட்டிப்பு கிடைக்க வேண்டுமானால், முதல் எபிசோடின் திரைக்கதை முடிந்திருக்க வேண்டும், அல்லது ஒரு தளம் எழுத்துபூர்வமாகச் சேர்ந்திருக்க வேண்டும். கெடு முடிந்த மறுநாள், யாரும் கடிதம் எழுதாமலே, உரிமை தானாக உங்களிடம் திரும்ப வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆப்ஷன் காலாவதியானாலும் அவர்கள் எழுதிவைத்த திரைக்கதை அவர்களுடையதுதான். உங்கள் அனுமதி இல்லாமல் அவர்களால் அதைப் படமாக்க முடியாது. அவர்கள் அனுமதி இல்லாமல் நீங்களும் அதை இன்னொருவரிடம் கொடுக்க முடியாது. அடுத்து வரும் தயாரிப்பாளருக்கு அது தேவைப்பட்டால், என்ன விலைக்கு வாங்கலாம் என்று இப்போதே எழுதிவைப்பது நல்லது.

உரிமையை வாங்கிய பிறகும் கெடு வேண்டும். வாங்கி ஐந்து ஆண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் திரும்ப வேண்டும். ஒரு சீசன் முடிந்து மூன்று ஆண்டுக்குள் அடுத்தது தொடங்காவிட்டால், அதுவரை தொடாத பாகங்களாவது திரும்ப வேண்டும். உங்கள் வரைவில் 'நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும், இப்போது உள்ளதும் இனி கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும்' என்ற வரி இருக்கிறது. வேற்றுக்கோள்களைப் பற்றி எழுதும் உங்களுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கலாம், ஆனால் இந்தத் துறையில் அது வழக்கமான வாசகம். ஓர் ஊடகம் புதிதாக வரும்போதெல்லாம் வழக்கு வந்து வந்து, கடைசியில் இப்படி எழுதப் பழகிவிட்டார்கள். அந்த வரியை நீக்க அவர்கள் சம்மதிப்பது கடினம். எடுத்து முடித்த எபிசோடுகளுக்கு மட்டும் 'நிரந்தரம்' பொருந்தட்டும், எடுக்காதவற்றுக்குப் பொருந்தக் கூடாது. இந்தப் பிரிவை மட்டும் விடாமல் கேளுங்கள்.

முதல் பாகம் மட்டும் போதுமா, ஒன்பதுமா?

நண்பர் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் அவர் சொல்லும் வழி நடக்காது. முதல் பாகத்தில் பணம் போட்டு ஒரு விண்கலத்தையே அரங்கமாகக் கட்டுபவர், இரண்டாம் பாகத்தைப் போட்டியாளர் வாங்கிவிடலாம் என்ற நிலையில் துணிந்து இறங்கமாட்டார். அந்தப் பயம் நியாயமானது. அப்புறம், திரைக்காரர்கள் உங்கள் பாகப் பிரிவினைப்படி நடப்பதும் இல்லை. டேனியல் ஆபிரஹாமும் டை ஃபிராங்கும் ஒரே புனைபெயரில் எழுதிய 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரின் முதல் நாவல், திரையில் ஒரு சீசனில் முடியவில்லை, இரண்டாவது சீசனுக்குள் நீண்டது. அதே சமயம், இரண்டாம் நாவலில்தான் அறிமுகமாகும் அவசராலா என்ற அரசியல்வாதி முதல் சீசனிலேயே வந்துவிட்டார். 'சைலோ'வின் முதல் சீசன் முதல் நாவலில் ஏறக்குறையப் பாதியோடு நின்றது. லியூ சிஷினின் அதே நாவலை 2023இல் ஒரு சீன நிறுவனம் 30 எபிசோடுகளாக எடுத்தது. 2024இல் வந்த ஆங்கிலத் தொடரோ எட்டே எபிசோடு. அதற்குள் இரண்டாம், மூன்றாம் நாவல்களின் மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் முன்னாலேயே கொண்டுவந்துவிட்டது. ஒரு பாகம் ஒரு சீசன் என்ற உங்கள் கணக்கை ஒப்பந்தத்தில் ஏற்றினால், எழுதுபவர்களின் கையைக் கட்டிவிடுவீர்கள்.

அதற்காக ஒன்பதையும் கொடுத்துவிட வேண்டியதில்லை. உங்கள் கதையிலேயே ஒரு வெட்டு இருக்கிறது. நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் நடுவிலுள்ள இருநூறு ஆண்டுகளைத்தான் சொல்கிறேன். 'தி எக்ஸ்பான்ஸ்' நாவல்கள் ஒன்பது. ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் முப்பது ஆண்டு அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. 2015இல் தொடங்கிய திரைத்தொடர் மூன்று சீசனோடு ஒரு சேனலில் நிறுத்தப்பட்டு, வேறு தளத்தில் உயிர் பிழைத்து, 2022 ஜனவரியில் ஆறாவது சீசனோடு முடிந்தது. முடிந்த இடம், ஏறக்குறைய அந்த இடைவெளியின் வாசல். நடிகர்கள், அரங்கம், உடை, சில சமயம் கதையின் தொனிகூட மாற வேண்டிய இடத்தில்தான் பணம் போடுபவர்களும் யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

ஆகவே மூன்று அடுக்காகக் கேளுங்கள். ஒன்று முதல் நான்கு வரை இப்போதே ஆப்ஷனில் கொடுங்கள். ஐந்து முதல் ஏழு வரை இப்போது விற்க வேண்டாம், வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று மட்டும் உறுதி கொடுங்கள். அவற்றை வாங்கும் முதல் வாய்ப்பு இவர்களுக்கே, ஆனால் முதல் சீசன் ஒளிபரப்பாகி இத்தனை மாதத்துக்குள் தனி விலை கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டும் ஒன்பதும் எழுதி முடித்த பிறகு முதலில் இவர்களோடு பேசுவேன் என்ற வாக்கு போதும். எழுதாத புத்தகத்துக்கு இன்று விலை சொல்ல உங்களாலும் முடியாது, அவர்களாலும் முடியாது. முதல் சீசன் நன்றாகப் போனால் ஐந்தாம் பாகத்தின் மதிப்பு இன்று இருப்பதைப் போலப் பல மடங்காகும். அந்த உயர்வில் உங்களுக்கும் பங்கு கிடைக்க வேண்டாமா?

இடையில் நிற்கும் அந்தக் கணினிப் பாத்திரத்தை மறந்துவிடாதீர்கள். நான்காம் பாகம் வரை விற்றால் அதன் திரை உரிமையும் போய்விடும், ஐந்தாம் பாகத்திலும் அதுதான் பேசுகிறது. புத்தகத்தில் அந்தப் பாத்திரத்தை வைத்து எழுதும் உரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும் என்று தனி வரி வேண்டும். அச்சு, மின்னூல், ஒலிப்புத்தகம், காமிக்ஸ், மேடை எல்லாமே 'ஆசிரியருக்கு ஒதுக்கப்பட்ட உரிமைகள்' பட்டியலில் வர வேண்டும். உங்கள் வரைவில் அந்தப் பட்டியலே இல்லை. ஒதுக்கியதாக எழுதாத உரிமை யாருடையது என்று பின்னால் சண்டை வரும்.

'ஆலோசகர்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

உங்கள் நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ஆலோசகர் ஆலோசனை சொல்லலாம். அதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் உங்கள் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. 'கலந்தாலோசிக்கப்படும்; இறுதி முடிவு தயாரிப்பாளருடையது' என்றுதான் இருக்கிறது. உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' கதைகளை 2004இல் தொலைக்காட்சியில் எடுத்தபோது அவரும் ஒப்பந்தப்படி ஆலோசகர்தான். தன் கதை மாந்தரில் பெரும்பாலோரைப் பழுப்பு, கறுப்பு நிறத்தவராக அவர் வேண்டுமென்றே எழுதியிருந்தார். திரையில் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். அந்தப் பொறுப்புக்கு நடைமுறையில் ஒரு மதிப்பும் இல்லை என்று அவரே பிறகு வெளிப்படையாக எழுதினார். அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே அந்த நிலை.

உங்கள் விஷயத்தில் இதைவிடக் கவலை தரும் வரி ஒன்று இணைப்பு இரண்டில் இருக்கிறது. எழுத்து சின்னதாக இருப்பதால் நீங்கள் தாண்டிப் போயிருக்கலாம். 'ஆலோசகர் என்ற முறையில் ஆசிரியர் வழங்கும் குறிப்புகள், கருத்துகள், கதைத் திட்டங்கள் அனைத்தும் தயாரிப்பாளருக்காகச் செய்யப்பட்ட பணியாகக் கருதப்படும்.' நடக்கப்போவதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். திரைக்கதைக் குழுவின் முதல் கூட்டம். இளைஞர்கள் ஆறு பேர் உங்கள் புத்தகங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு ஆவலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கேட்கிறார்: 'கடைசியில் அந்தக் கணினி என்ன ஆகிறது?' நீங்கள் ஒன்பதாம் பாகத்தின் குறிப்பேட்டைத் திறந்து படிக்கிறீர்கள். அந்த வரியின்படி, படித்த பக்கங்கள் அவர்களுடையவை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்துவைத்த முடிவு ஒரு பிற்பகல் கூட்டத்தில் கைமாறிவிட்டது. பிறகு நீங்கள் அதே முடிவை எழுதும்போது, உங்கள் சொந்தக் கதைக்கு நீங்களே அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. எழுதி முடியாத தொடர்களைத் திரை முந்திக்கொள்வது நடக்கிற விஷயம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கற்பனை உலகத் தொடரின் ஐந்தாம் புத்தகம் 2011இல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய திரைத்தொடர், ஆறாம் புத்தகம் வருவதற்கு முன்பே 2019இல் தன் சொந்த முடிவைக் காட்டி முடிந்தது. உங்கள் எட்டாவது பாகம் பாதியில் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். நீக்கமாட்டார்களானால், 'ஏழாம் பாகத்துக்குப் பிந்தைய கதை பற்றிய எந்தக் குறிப்பும் ஆசிரியரின் உடைமையே. அவர் அதை நூலாக வெளியிடும்வரை பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு விலக்கு சேர்க்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இதற்காக ஒப்பந்தம் முறிந்தாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன்.

கதையில் உங்கள் கை உண்மையிலேயே இருக்க வேண்டும் என்றால், ஆலோசகர் பட்டத்தைவிடத் திரைக்கதைக் குழுவில் ஓர் இடம் கேளுங்கள். சம்பளத்தோடு, ஒரு சீசனுக்கு ஓர் எபிசோடாவது எழுதும் வாய்ப்போடு. 'தி எக்ஸ்பான்ஸ்' ஆசிரியர்கள் இருவரும் அப்படித்தான் எழுத்தாளர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் உள்ளே உட்கார்ந்தார்கள். அவர்கள் இருந்த குழுவே நாவலில் பல பேராகப் பிரிந்திருந்த வேலைகளை டிரம்மர் என்ற ஒரே பெண்ணிடம் சேர்த்தது. பார்த்தவர்கள் அந்தப் பாத்திரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

எதை மாற்றக் கூடாது என்று கேட்பது

'எந்தப் பாத்திரத்தின் பெயரையும் பாலினத்தையும் முடிவையும் மாற்றக் கூடாது' என்று ஒரு நிபந்தனை சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சேர்க்க வேண்டாம். யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள், போட்டால் படம் நன்றாக வராது. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கதைகள் 1940களில் ஒரு பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்தவை. ஒரு கதைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பல பத்து ஆண்டுகள் ஓடிவிடும், மனிதர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். படிக்கும்போது அதுவே அழகு. திரையிலோ, எட்டு வாரம் ஒரு முகத்தோடு பழகியவர்களிடம் 'இவர் இறந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது' என்றால் மனம் ஒட்டாது. 2021இல் வந்த தொடர் இதற்கு ஒரு வழி கண்டது. பேரரசர் தன்னையே நகலெடுத்துக் குழந்தையாக, நடுவயதினராக, முதியவராக மூன்று பேராக ஆள்கிறார். தலைமுறை மாறினாலும் முகம் மாறுவதில்லை. புத்தகத்தில் இது கிடையாது. புத்தகத்தில் ஆணாக வரும் 'கால் டோர்னிக்' என்ற பாத்திரம் அங்கே பெண். புத்தக ரசிகர்களில் சிலருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எனக்கு அந்த மூன்று பேரரசர்கள் மிகவும் பிடித்திருந்தார்கள், அசிமோவ் எழுப்பிய கேள்வியையே வேறு கதவு வழியாகத் திறந்து காட்டுகிறார்கள் என்று தோன்றியது. உங்கள் இருநூறு ஆண்டு இடைவெளிக்கும் இப்படி ஏதோ ஒரு கதவு தேவைப்படும். யாராவது கணினிக்கு ஒரு மனித முகம் கொடுக்கலாம் என்பார்கள். இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அதனால், மாற்றவே கூடாதவற்றை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். என்னிடம் வந்த ஓர் எழுத்தாளர் நாற்பதுக்கு மேல் எழுதிக்கொண்டு வந்தார். கலத்தின் கதவு இடப்பக்கம் திறக்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, 'இது போனால் இது உங்கள் கதைதானா?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டே போனோம். மூன்று மிஞ்சின. அந்த மூன்றையும் தயாரிப்பாளர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். உங்களுக்கும் அப்படிச் சில மிஞ்சும். கலத்துக்குள் பிறந்தவர்கள் யாரும் பயணத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள் அல்ல என்ற அந்த மையக் குமுறல் அவற்றில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டம் கைகொடுக்காதா என்றால், ஓரளவு கொடுக்கும். பதிப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து 1886இல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் சேர்த்த பிரிவு ஒன்று, படைப்பாளியின் மதிப்பையோ பெயரையோ கெடுக்கும் அளவுக்குப் படைப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமையைத் தருகிறது. சில நாடுகளில் இதை விட்டுக்கொடுக்கவே முடியாது. சில நாடுகளில் ஒரே வரியில் விட்டுக்கொடுத்துவிடலாம், உங்கள் 19ஆம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்ற வரியோடு சேர்த்து அதை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். எப்படியானாலும், படம் சரியில்லை என்றால் உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லும் உரிமையை மட்டும் எழுதி வாங்கிவிடுங்கள்.

பணம் பற்றி

நிகர லாபத்தில் பங்கு என்பதை எதிர்பார்த்து எந்தக் கணக்கும் போடாதீர்கள். எல்லாச் செலவும் வட்டியும் விநியோகக் கட்டணமும் கழித்த பிறகு வருவது அது. பெரும்பாலும் வராது. ஆர்ட் புக்வால்டு என்ற பத்திரிகை எழுத்தாளர் தன் கதைச் சுருக்கத்திலிருந்து உருவான ஒரு படத்துக்காக வழக்குப் போட்டபோது, உலகம் முழுவதும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்தப் படத்தில் நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். 1990இல் நீதிமன்றம் அந்தக் கணக்கு முறையையே நியாயமற்றது என்றது. நீங்கள் நீதிமன்றம்வரை போக வேண்டாம். ஒவ்வோர் எபிசோடுக்கும் ஒரு நிலையான ராயல்டி, ஒவ்வொரு புதிய சீசனுக்கும் உயரும் தொகை, ஸ்பின்-ஆஃப் (இதிலிருந்து கிளைக்கும் வேறு தொடர்), ரீமேக் எடுத்தால் தனித் தொகை: இவற்றைக் கேளுங்கள். இதைக் கொடுப்பது அவர்களுக்கும் வழக்கம்தான்.

கருவை எடுத்துவிடுவார்களா?

தலைமுறைக் கலம் என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கு முன்பும் பலர் எழுதியிருக்கிறார்கள். பதிப்புரிமை காப்பது கருவை நீங்கள் வெளிப்படுத்திய விதத்தை: பாத்திரங்கள், நிகழ்ச்சிகளின் கோர்வை, வசனம். அதை அனுமதியின்றி எடுத்தால் சட்டம் உங்கள் பக்கம். உரிமை கேட்டு ஒப்பந்தம் அனுப்பிய நிறுவனம், மறுத்த பிறகு அதே கதையை எடுத்தால் அவர்களின் கடிதமே உங்களுக்குச் சாட்சி. இந்தப் பயத்தில் அவசரப்பட வேண்டாம். பத்து நாள் கெடுவும் பேச்சுவார்த்தைக்காக வைத்ததுதான். ஒரு மாதம் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள், கொடுப்பார்கள்.

அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியவை

உங்கள் முதல் இரண்டு பாகங்களை வெளியிட்ட பழைய பதிப்பகத்தின் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். 'துணை உரிமைகள்' என்ற தலைப்பில் திரை உரிமையும் அவர்களுக்குப் போயிருக்கிறதா, விற்பனையில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்று பாருங்கள். இந்தப் புது ஒப்பந்தத்தில் 'திரை உரிமை முழுவதும் என்னிடமே உள்ளது' என்று நீங்கள் உறுதி அளிக்கிறீர்கள். அது தவறாக இருந்தால் நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். பதிப்பகத்திடம் இருந்தால், விடுவிப்புக் கடிதம் கேட்டு இன்றே எழுதுங்கள்.

அடுத்தது, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிய ஒன்று. கலத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தையும் அதன் நாள்காட்டியையும் உருவாக்கித் தந்தது கல்லூரி நண்பர் ஒருவர், அவை இரண்டாம் பாகத்தில் அச்சாகியும் இருக்கின்றன, 'அவர் ஒன்றும் கேட்கமாட்டார்' என்று சொல்லியிருக்கிறீர்கள். கேட்கமாட்டார்தான். ஆனால் அரங்கம் கட்டுபவர்கள் முதலில் பிரிப்பது அந்த வரைபடத்தைத்தான். எழுத்தில் மாற்றித் தராதவரை அதன் உரிமை பெரும்பாலான நாடுகளில் வரைந்தவருடையது. தயாரிப்பாளரின் வழக்கறிஞர் அதைக் கண்டுபிடித்துக் கேட்கும் நாளில், உங்கள் நண்பர் ஓர் அந்நியரிடமிருந்து தாள் பெறுவார். அப்போது நட்பு கசக்கும்.

அவரை முதலில் நீங்கள் கூப்பிடுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்த வரைபடம், எந்த நாள்காட்டி, எந்தப் பக்கத்தில் அச்சானது, திரையில் பயன்படுத்தும் உரிமையை என்ன தொகைக்கு உங்களுக்குத் தருகிறார். தொகை வேண்டாம் என்று அவர் சொன்னாலும் ஒன்றைக் குறிப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். 'விண்கல வடிவமைப்பு மூலம்' என்று ஒவ்வோர் எபிசோடின் முடிவிலும் அவர் பெயர் வர வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரிடம் நீங்கள் கேட்டு வாங்குங்கள். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியோடு பதிப்பகத்தின் விடுவிப்புக் கடிதமும் கைக்கு வந்த பிறகு, திருத்திய வரைவை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.